பிழை: பூஜ்ஜியம்

தரமணியில் இரண்டாவது மாடி.
திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்.
இங்கே உட்கார்ந்துதான்
கயத்தாறுக்குத் தெற்கே நிற்கிற
முப்பத்தேழாம் எண் காற்றாலையை
ஓட்டுகிறேன். சரியாகச் சொன்னால்
அதன் நிழலை:
ஒன்பது சமன்பாடுகள்,
நொடிக்கு ஐம்பது முறை
தன்னையே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி.
இறக்கையை இன்னும் எத்தனை பாகை திருப்பலாம்?

அதிகம் வாங்கினால் கோபுரம் நடுங்கும்.
குறைத்து வாங்கினால்
எழும்பூரில் யாரோ
லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள்.
அப்படி நேராக எதுவும் நடக்காது, தெரியும்.
இரவு ஷிஃப்டில் அப்படித்தான் தோன்றும்.

ஆடி மாதம்.
வெளியே வாதாமரத்தில் ஓர் இலை அசையவில்லை.
திரையில் நொடிக்குப் பத்து மீட்டர்.
முப்பத்தாறு ஆயிரத்து நானூறு கிலோவாட் தருகிறது.
முப்பத்தெட்டும் தருகிறது.
நடுவில் இது மட்டும்
ஆயிரத்து நூற்று எழுபதில் நின்று
என் கோட்டுக்குக் கீழே
இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்று நாள் என்னையே சந்தேகப்பட்டேன்.
காற்றின் அடர்த்தியை மாற்றினேன்.
இறக்கையில் செம்மண் புழுதி என்று
ஒரு குணகம் சேர்த்தேன்.
கியர்பெட்டி எண்ணெய் கெட்டுவிட்டது என்று
எழுதினேன், அழித்தேன்.
பக்கத்து மேசை நிலோஃபர் சொன்னாள்:
"இன்னும் ரெண்டு குணகம் போட்டா
உன் மாடல் இட்லியே அவிக்கும்."

நாலாம் நாள்
எலுமிச்சை சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
பார்த்தும் பார்க்காத ஒரு வரிசையைப் பார்த்தேன்.
திசைப் பிழை:
பூஜ்ஜியம். பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.
மூன்று நாளாகக் காற்று
இம்மியும் விலகவில்லையாம்.

எந்த ஊர்க் காற்று அது?

இருபது பாகை கோணலாய் நின்றுகொண்டு
காற்றை நேருக்கு நேர் பார்க்கிறேன் என்று
நம்பியிருக்கிறது அந்த இயந்திரம்.
அதைவிட மோசம்,
அந்தப் பூஜ்ஜியத்தைக் கண்டு
முதல் நாள் எனக்குள் கொஞ்சம் பெருமை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
நாங்கள் நிறுத்திவிட்டு ஏறினோம்.
நாங்கள் என்ன, ஆவுடையப்பன் ஏறினார்.
எண்பது மீட்டர், இடுப்பில் கொக்கி,
விடியற்காலை, காற்று சற்றே தணிந்திருந்தபோது.
மின்பகிர்வு மையத்திலிருந்து ஃபிலோமினா
இரண்டு முறை கேட்டுவிட்டார்:
"எப்போ வரும் உங்க முப்பத்தேழு?"
வரும் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

ஏழேகாலுக்கு ஒரு படம் வந்தது.
திசைகாட்டியின் கழுத்தில்
குளவி கட்டிய மண்கூடு.
சுண்டுவிரல் நுனி அளவு.
உடைந்த வாயில் ஒரு பச்சைப் புழு.
எண்பது மீட்டர் உயரத்தில்,
அந்தக் காற்றில்,
எத்தனை நடை மண் சுமந்திருக்கும் அது!
என் சமன்பாடுகள் ஒன்பதிலும்
குளவிக்கு இடமில்லை.

சுரண்டி எடுத்ததும்
வரிசை நடுங்கத் தொடங்கியது.
மைனஸ் ஏழு. நான்கு. மைனஸ் இரண்டு. ஆறு.
மெல்லக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு
முப்பத்தேழு காற்றைத் தேடியது.
பிழை வந்ததும்தான் பிழைத்தது.
இதை அறிக்கையில் எழுத முடியாது.
"உணரி சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதினேன்.

அன்று ராத்திரி
வேளச்சேரியில் பத்து மணிக்குக் கரண்ட் போனது.
காற்றாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
தெருமுனைப் பெட்டியில் ஒரு ஃபியூஸ்.
தெருவே பால்கனிக்கு வந்து
லைன்மேனைத் திட்டியது.
கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்துக் கேட்டார்,
"நீங்க கரண்ட் ஆபீஸ்தானே?"

பதில் சொல்லாமல் கையை வெளியே நீட்டினேன்.
கடற்காற்று, மணிக்கட்டில் ஈரமாக.
நொடிக்கு மூன்றரை மீட்டர் இருக்கும்,
கிழக்கிலிருந்து.
இல்லை, கொஞ்சம் தெற்கே விலகி.

தப்பாகவும் இருக்கலாம்.